வாசிப்பனுபவக் கட்டுரையும் விடுபட்ட கூற்றும்

தமிழில் ‘வாசிப்பனுபவம்’ என்ற பெயரில் எழுதப்படும் கட்டுரைக்கு இன்று ஒரு நிலைத்த வடிவம் ஏற்பட்டுவிட்டது. நூல் கைக்கு வந்த விதம் முதலில் வரும். பிறகு கதைச் சுருக்கம், மனத்தைக் கலங்க வைத்த ஓர் இடம், அந்த இடம் எழுதுபவரின் சொந்த வாழ்க்கையில் எதை நினைவூட்டியது என்ற செய்தி, கடைசியில் எல்லோரும் படிக்க வேண்டும் என்ற பரிந்துரை. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி ஆண்டுதோறும் நெருங்கும் நாட்களில் இவ்வகை எழுத்து பெருகுகிறது. ‘பிடித்த பத்து நூல்கள்’ என்ற பட்டியல்களும், ஒரு நாவலை அரைமணி நேரத்தில் மேடையில் சொல்லி முடிக்கும் கதைசொல்லல் நிகழ்ச்சிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அண்மைக் காலத்தில் இதற்கு ஒரு கோட்பாட்டு ஆதரவும் கிடைத்திருக்கிறது. வாசகரின் நெகிழ்ச்சியே உண்மையான விமர்சனம், மற்றதெல்லாம் கல்வித்துறையின் சடங்கு என்பது அந்த வாதம். இந்த எழுத்துமுறையின் பயன்களை மறுக்க முடியாது. ஆனால் அதையே விமர்சனம் என்று கொள்வது பிழை. அந்தப் பிழை வாசிப்பின் அடிப்படையான ஒரு கேள்வியையே மறக்கச் செய்துவிட்டது.

இம்முறை புதிதன்று. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (மறைவு 1954) திருநெல்வேலியில் தம் வீட்டில் கூட்டிய வட்டத்தொட்டி, ரசனையை ஒரு கூட்டுச் செயலாக ஆக்கியது. அங்கே கம்பனின் பாடலொன்று எடுத்துக்கொள்ளப்பட்டால் அது பலமுறை வாய்விட்டுச் சொல்லப்படும். எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லில் குரல் ஏற வேண்டும், எந்த அடியில் தாளம் மாறுகிறது என்பதெல்லாம் பேசப்படும். பாட்டின் பொருளைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது அவருடைய முறையன்று. பாட்டு எப்படி ஒலிக்கிறது என்பதில்தான் அவருடைய கவனம் முழுவதும் இருந்தது. தம் ரசனைக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளியதும், பாடங்களைத் திருத்தியதும் அவர்மீது நியாயமாகவே சுமத்தப்படும் குற்றங்கள். ரசனைக்கு வெளியே ஓர் அளவுகோல் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அவரே சான்று. ஆனாலும் அவர் தவறு செய்தது பாட்டின் உடலைத் தொட்டு உட்கார்ந்த இடத்தில். இன்றைய வாசிப்பனுபவக் கட்டுரை அந்த இடத்துக்குப் போவதேயில்லை.

அடுத்து வந்தவர் க.நா. சுப்ரமண்யம் (1912–1988). 1950களில் அவர் எழுதிய ‘படித்திருக்கிறீர்களா?’ கட்டுரைகள் சிறியவை. ஒரு நூலை அறிமுகம் செய்து, அது ஏன் முக்கியம் என்று சுருக்கமாகச் சொல்லி முடிந்துவிடுபவை. விற்பனையும் புகழும் தரத்தின் சான்றுகள் அல்ல என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு உரக்கச் சொன்ன முதன்மையான குரல் அவருடையது. பட்டியல் போடும் பழக்கத்தை நவீனத் தமிழ் இலக்கியத்தில் நிலைநிறுத்தியவரும் அவரே. அவருடைய தீர்ப்புகள் பெரும்பாலும் காலத்தைத் தாண்டி நின்றிருக்கின்றன. ஆனால் தீர்ப்புக்கான காரணங்களை விரித்துச் சொல்வதில் அவருக்கு நாட்டமில்லை. நல்ல வாசகர் நூலைப் படித்தால் தாமே உணர்ந்துகொள்வார் என்று நம்பினார். இந்த நம்பிக்கையோடு கருத்து வேறுபட்டவர் அவருடைய நண்பரும் சக எழுத்தாளருமான சி.சு. செல்லப்பா. 1959இல் அவர் தொடங்கிய ‘எழுத்து’ இதழ், ஒரு படைப்பை வரி வரியாக எடுத்து அலசிப் பார்க்கும் முறையை வற்புறுத்தியது. 1970இல் அந்த இதழ் நின்ற பிறகு அலசல் முறைக்குப் பெரிய வாரிசுகள் அமையவில்லை. க.நா.சு.வின் பட்டியலுக்கோ எண்ணற்ற வாரிசுகள் அமைந்தார்கள்.

எதிர்முகாமிலிருந்து வந்தவர்களும் இந்த நிலையை மாற்றவில்லை. க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) ரசனை விமர்சனத்தைக் கடுமையாக மறுத்து, நாவலைச் சமூக வரலாற்றோடு இணைத்துப் பார்த்தது. அது தேவையான திருத்தம். ஆயினும் அந்த மரபில் வந்த பலர் நாவலிலிருந்து எடுத்துக்கொண்டதும் கதைப்பொருளைத்தான். எந்த வர்க்கம், எந்தச் சாதி, எந்தக் காலம், எந்த முரண்பாடு என்று கேட்டார்கள். அந்த வர்க்கத்தைப் பற்றிய கதையை நூல் யார் வாயில் வைத்துச் சொல்லியிருக்கிறது என்ற கேள்வி அவர்களிடமும் அரிதாகவே எழுந்தது. ரசனையாளரும் சமூகவியலாளரும் ஒருவரையொருவர் பல ஆண்டுகள் எதிர்த்துக்கொண்டே ஒரே விடுபடலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வெகுசனப் பரப்பில் இம்முறைக்குப் பெரும் செல்வாக்கைத் தேடித்தந்தது எஸ். ராமகிருஷ்ணனின் ‘கதாவிலாசம்’. ஆனந்த விகடனில் தொடராக வந்த அந்நூலின் ஒவ்வொரு கட்டுரையும் ஒரு சிறுகதை எழுத்தாளரை எடுத்துக்கொண்டு, ராமகிருஷ்ணன் தம் வாழ்வில் கண்ட ஒரு நிகழ்ச்சியையும் அந்த எழுத்தாளரின் ஒரு கதையையும் அருகருகே வைக்கிறது. வார இதழ் வாசகர்கள் பலர் தீவிர இலக்கியத்தின் பெயர்களை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டார்கள். அந்த வடிவத்தைப் பின்பற்றி எழுதியவர்களிடம் நிகழ்ச்சி நீண்டது, கதை சுருங்கியது. சிலரிடம் எழுத்தாளரின் பெயர் மட்டுமே மிஞ்சியது.

இம்முறையின் நன்மைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இது நூலை வாசகர் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கலைச்சொற்களின் வேலியைத் தாண்டி வர உதவுகிறது. மறக்கப்பட்ட படைப்புகளை மீட்கிறது. 1972இல் வெளிவந்த ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, பின்னர் தமிழின் சிறந்த நாவல்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டதற்குப் பல்கலைக்கழக ஆய்வுகள் காரணமல்ல. படித்தவர்கள் மற்றவர்களிடம் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்ததுதான் காரணம். படித்ததைப் பகிரும் ஆசை மதிக்கத்தக்கது. அதைக் குறைத்துப் பேச இடமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இவ்வகைக் கட்டுரை நூலிலிருந்து இரண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறது. ஒன்று நிகழ்ச்சிகளின் தொகுப்பு. மற்றொன்று அவை வாசகருக்குள் எழுப்பிய உணர்ச்சி. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, அந்த நிகழ்ச்சியை அந்த உணர்ச்சியாக மாற்றிய பொருள், அதாவது கதை சொல்லப்பட்ட விதம், கட்டுரையிலிருந்து முழுதாக நழுவிவிடுகிறது. யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், எந்த இடத்திலிருந்து, எந்தக் காலத்திலிருந்து சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்ற கேள்விகள் கேட்கப்படுவதேயில்லை.

இக்கேள்விகள் மேலைக் கோட்பாடுகளிலிருந்து இறக்குமதியானவை என்று சிலர் ஒதுக்குவதுண்டு. தமிழ் இலக்கண மரபை அறிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளை எண்ணுகிறது. மாத்திரை, எழுத்து, அசை போன்ற யாப்பு உறுப்புகளோடு கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் ஆகியவையும் அவற்றுள் அடங்கும். பேசுபவர் யார், கேட்பவர் யார், எங்கே, எப்பொழுது, சொல்லாமல் விட்டது எது என்பவை அங்கே செய்யுளின் உறுப்புகளாகவே கொள்ளப்படுகின்றன. முன்னம் என்பது, இன்ன இடத்தில் இன்ன சொல்லை இன்னார் இன்னாரிடம் சொல்லத்தகும் என்பதைப் படிப்பவர் தாமே குறிப்பால் உணருமாறு அமைவது. மெய்ப்பாடு, அதாவது உணர்ச்சி புலப்படுவது, இந்த நீண்ட வரிசையில் ஓர் உறுப்பு மட்டுமே. இன்றைய வாசிப்பனுபவக் கட்டுரை அந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் உறுப்புகளைக் கைவிட்டிருக்கிறது.

கைவிட்டதால் என்ன இழப்பு என்பதைக் குறுந்தொகையின் 40ஆம் பாடலைக் கொண்டே காணலாம். செம்புலப்பெயனீரார் பாடிய அந்தப் பாடல் இன்று மண அழைப்பிதழ்களில் அச்சாகிறது, திரைப்பாடலில் ஒலிக்கிறது, காதலின் ஒருமையைக் கொண்டாடும் வாழ்த்தாகவே பலரால் அறியப்படுகிறது. பிடித்த சங்கப் பாடல் எது என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லுவதும் அதுதான். அப்பாடலின் கீழே உள்ள கூற்றுக் குறிப்பு வேறொரு காட்சியைக் காட்டுகிறது. கூடிய பின் தலைவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் முகத்தில் அந்த அச்சத்தைக் கண்டு தலைவன் சொல்வது அது. வென்றுவிட்ட காதலின் முழக்கமாகப் படிக்கப்படும் பாடல், கூற்றோடு சேர்த்துப் படிக்கும்போது பயந்திருக்கும் ஒருத்தியைத் தேற்றும் பேச்சாக மாறுகிறது. உறவின்றிச் சேர்ந்த இருவர் என்பது அங்கே பெருமைக்குரிய செய்தியாக மட்டும் நிற்கவில்லை. அவளுடைய அச்சத்துக்குக் காரணமே அதுதான். இரு குடும்பத்துக்கும் முன்தொடர்பு இல்லை, சாட்சி இல்லை, அவன் போய்விட்டால் கேட்பாரில்லை. இதை அறிந்தபின் ஒவ்வொரு அடியும் வேறு எடை பெறுகிறது. வாழ்த்து அட்டையில் அச்சான பாடலில் இந்த எடை இல்லை. சொல் அத்தனையும் அப்படியே இருந்தும், கூற்றை எடுத்துவிட்டதால் பாடலின் பாதி போய்விட்டது.

சங்கப் பாடலுக்குப் பொருந்துவது நவீனச் சிறுகதைக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ பிடித்த கதைகளின் பட்டியலில் தவறாமல் இடம்பெறுவது. அதைப் பற்றி எழுதுபவர்கள் சொல்லும் சுருக்கமும் ஏறத்தாழ ஒன்றே: வாய்ப்புத் தேடித் திரைப்பட நிறுவனத்துக்கு வரும் ஏழைக் கலைஞன் காதர், புலியாக மாறி ஆடிக் காட்டுகிறான், எல்லோரும் திகைத்துப் போகிறார்கள், அவனுக்கு வேலை கிடைப்பதில்லை. வறுமையில் வாடும் கலைஞனின் கதை என்று கட்டுரை முடிகிறது. இந்தச் சுருக்கம் உணர்ச்சிகரமான எந்தத் திரைக்கதைக்கும் பொருந்தும். அசோகமித்திரன் எழுதிய கதைக்கு மட்டும் பொருந்தாது.

அக்கதை காதரில் தொடங்கவில்லை. அலுவலகத்தின் இடைவேளை நேரத்தில், அந்நேரத்தை ஊழியர்கள் எப்படிக் கழிக்கிறார்கள் என்ற சாதாரண விவரத்தில் தொடங்குகிறது. சொல்பவன் அந்த அலுவலகத்தின் ஊழியர்களில் ஒருவன். அவன் குரலில் அவசரமும் இல்லை, இரக்கமும் இல்லை. வேலையின்றி உட்கார்ந்திருப்பவர்களின் பக்கத்தில் வாசகருக்கும் ஒரு நாற்காலி போடப்படுகிறது. காதர் உள்ளே நுழையும்போது வாசகர் மேசைக்கு இந்தப் பக்கம், வாய்ப்புத் தருவதும் மறுப்பதும் தங்கள் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவர்களோடு உட்கார்ந்திருக்கிறார். காதரின் மனத்துக்குள் கதை ஒரு வரிகூடப் போவதில்லை. அவன் வீட்டுக்குப் போய் என்ன சொன்னான் என்பது தெரிவதில்லை. தெரிவது அவன் உடல் மட்டுமே. மெலிந்த, கெஞ்சும் உடல் கண்முன்னே புலியாகிறது, சற்று நேரத்தில் மறுபடி கெஞ்சும் உடலாகிறது. அந்த மாற்றம் அச்சமூட்டுவதற்குக் காரணம் அதுவரை நிலவிய அலுவலகச் சோம்பல். கதை தரும் குற்ற உணர்ச்சிக்குக் காரணம் வாசகர் உட்கார வைக்கப்பட்ட இடம். காதரே தன் கதையைச் சொல்லியிருந்தால் வாசகர் அவனோடு சேர்ந்து அழுதுவிட்டு எழுந்து போயிருப்பார். மறுத்தவர்களின் பக்கம் உட்கார்ந்திருந்ததால் அந்த வசதி கிடைப்பதில்லை. வாசிப்பனுபவக் கட்டுரை காதரின் வறுமையைப் பற்றி உருகும்போது, கதை மறுத்த அந்த வசதியைக் கட்டுரை வாசகருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. எழுத்தாளர் எதைத் தடுக்க இத்தனை பாடுபட்டாரோ அதுவே நடக்கிறது.

அவருடைய ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ (1977) நாவலுக்கும் இதே கதிதான். ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைக்கப்பட்ட காலத்தில் சிகந்தராபாத்தில் வளரும் சந்திரசேகரனின் கதை அது. கட்டுரைகள் எல்லாம் அதன் கடைசிக் காட்சியை நோக்கியே ஓடுகின்றன. கலவரத்துக்கு நடுவே ஒரு வீட்டுக்குள் தற்செயலாக நுழைந்துவிடும் சந்திரசேகரன்முன், தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஓர் இளம்பெண் தன்னையே ஒப்புக்கொடுக்கும் காட்சி அது. உலுக்கும் காட்சிதான். ஆனால் அது உலுக்குவது, அதற்கு முந்தைய பக்கங்கள் கிரிக்கெட்டிலும் கல்லூரியிலும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் சச்சரவிலும் மெதுவாகக் கழிந்ததால். நாவல் சில இடங்களில் ‘நான்’ என்றும் சில இடங்களில் ‘அவன்’ என்றும் சந்திரசேகரனைச் சொல்கிறது. தன்னை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் மாறி மாறிப் பார்க்கும் அந்தப் பையனுக்கு, கடைசியில் ஒரு பெண்ணின் கண்ணில் தான் யாராகத் தெரிகிறோம் என்பதை உணர நேர்கிறது. அவளுக்கு அவன் கிரிக்கெட் ஆடும் மாணவனல்ல, கொல்லவும் கெடுக்கவும் வந்த கூட்டத்தில் ஒருவன். ‘நான்’, ‘அவன்’ என்ற ஊசலாட்டம் இந்த நொடிக்காகத்தான் நாவல் முழுவதும் நடந்தது. இதைத் தொடாமல் அக்காட்சியைத் தனியே எடுத்துக் காட்டுவது, நாவலை ஒரு கலவரச் செய்தியாக ஆக்கிவிடுகிறது.

கதை ஒன்றாகவே இருந்தும் சொல்பவர் மாறினால் நூலே மாறிவிடும் என்பதற்குப் பூமணியின் ‘வெக்கை’யும் (1982) அதைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய ‘அசுரன்’ படமும் (2019) தெளிவான சான்று. நாவல் கொலையில் தொடங்குகிறது. பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம் கொன்றுவிட்டு ஓடுகிறான். ஏன் கொன்றான் என்பது பின்னால் துண்டு துண்டாகத்தான் வருகிறது. தந்தையும் மகனும் கரிசல் காட்டில் ஒளிந்து திரியும் நாட்களில் கண்ணில் படும் செடி கொடி, கிடைக்கிற தீனி, சமைக்கும் வழி, தூங்கும் இடம் என்று நாவல் பையனின் கண்ணளவிலேயே நகர்கிறது. திரைப்படம் தந்தையை நடுவில் நிறுத்தி, அவருடைய இளமைக் காலத்தைப் பெரும் முன்கதையாக விரிக்கிறது. திரைப்படத்துக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் படம் வந்த பிறகு நாவலைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகள் பலவற்றில் இந்த வேறுபாடு கண்ணில் படவேயில்லை. பழிவாங்கும் கதை என்றோ நிலமும் சாதியும் பற்றிய கதை என்றோ இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டார்கள். ஒரு சிறுவன் தான் செய்த காரியத்தின் அளவை இன்னும் முழுதாக உணராமல் பறவைகளையும் பழங்களையும் பார்த்துக்கொண்டு திரிகிறான். நாவலின் கொடுமையும் அழகும் அங்கேதான் இருக்கின்றன. கதைச் சுருக்கத்தில் பறவைக்கும் பழத்துக்கும் இடமில்லை.

கதைசொல்லலையே பொருளாகக் கொண்ட நாவல்களிலும் இந்தப் பாராமுகம் தொடர்வதுதான் பெரிய வியப்பு. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் (1966) பழைய காலத்துச் செய்திகள் தாமோதர ஆசான் என்ற முதியவரின் வாயிலிருந்து வருகின்றன. அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டவர்களில் ஒருவன் பிறகு நமக்குச் சொல்கிறான். ஆசான் சொன்னதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு அவர் சேர்த்தது என்பதற்கு உத்தரவாதமில்லை. ஊரின் வரலாறு என்பதே இப்படித்தான் உருவாகிறது என்பதை நாவல் தன் அமைப்பாலேயே காட்டுகிறது. கட்டுரைகளோ மரத்தை வரலாற்றின் குறியீடு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, ஆசானை ஒரு சுவையான பாத்திரமாக மட்டும் பாராட்டுகின்றன. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) குடிபெயர்வின் வரலாற்றை மங்கத்தாயாரு அம்மாள் என்ற மூதாட்டியின் நினைவாக வைத்திருக்கிறது. அதிசயங்களும் அச்சங்களும் அந்த நினைவில் கலந்தே வருகின்றன. அதை ஒரு சாதியின் இடப்பெயர்வு ஆவணமாகப் படிப்பவர்கள் கிழவியின் குரலை அகற்றிவிட்டு அவள் சொன்ன செய்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். தமிழின் முதல் சிறுகதை என்று பலரும் சொல்லும் வ.வெ.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ (1915) ஒரு மரத்தின் வாய்மொழியாக எழுதப்பட்டது. யார் சொல்வது என்ற கேள்வியோடுதான் தமிழ்ச் சிறுகதை பிறந்தது என்றே கூறலாம். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அக்கதை ருக்மிணியின் துயரக் கதையாக மட்டுமே நினைவுகூரப்படுகிறது.

வெகுசன எழுத்துக்கு இது பொருந்தாது என்று நினைப்பதும் தவறு. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ கதைசொல்லியின் குரலால் நிற்கும் நாவல். முதல் அத்தியாயத்திலேயே அவர் வாசகர்களை நேரடியாக அழைத்துத் தன்னோடு கூட்டிச் செல்கிறார். பிறகும் இடையிடையே திரும்பி அவர்களோடு பேசுகிறார், ஒரு மர்மத்தை அவிழ்க்காமல் அடுத்த வாரத்துக்கு நகர்த்துகிறார். மணிரத்னத்தின் இரு படங்கள் (2022, 2023) வந்தபோது, நாவலுக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடு பற்றி ஏராளமாக எழுதப்பட்டது. எந்தப் பாத்திரம் விடுபட்டது, எந்தச் சம்பவம் மாறியது என்றே விவாதம் நடந்தது. விடுபட்டவற்றுள் மிகப் பெரியது கல்கியின் குரல் என்று சொன்னவர்கள் மிகச் சிலரே.

இந்தப் பழக்கத்தின் வேர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. தமிழ்ப் பாடத்தில் செய்யுளும் உரைநடையும் ஒருபுறம் இருக்க, கதைகள் துணைப்பாடம் என்ற பகுதியில் ஒதுக்கப்பட்டன. அதில் கேட்கப்பட்ட முதன்மையான வினா, கதையைச் சுருக்கி வரைக என்பது. வழிகாட்டி நூல்கள் முன்னுரை, கதைச் சுருக்கம், பாத்திரப் படைப்பு, முடிவுரை என்ற தலைப்புகளில் விடையைத் தயாராகக் கொடுத்தன. எழுத்தாளர் எழுதிய ஒரு வாக்கியத்தையாவது அப்படியே எடுத்துக்காட்டி, அது ஏன் அப்படி அமைந்தது என்று விளக்கும்படி மாணவர் கேட்கப்பட்டதில்லை. செய்யுள் பகுதியில் மனப்பாடம் உண்டு, அணியும் இலக்கணக் குறிப்பும் உண்டு. கதைக்கு அந்த மரியாதையும் கிடைக்கவில்லை. பல தலைமுறைகள் இந்தப் பயிற்சியோடு வெளியே வந்தன. வாசிப்பனுபவக் கட்டுரையின் அமைப்பு அந்த விடைத்தாளின் அமைப்பேதான். முடிவுரை இருந்த இடத்தில் கண்ணீர் வந்திருக்கிறது.

இம்முறையை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: கூற்று, கோணம், நடை என்று பேசினால் பொதுவாசகர் விலகிப்போவார், கதையைச் சொன்னால்தான் நூலை நாடுவார். இதில் தமிழ்ப் பொதுமக்களைப் பற்றிய தாழ்ந்த மதிப்பீடு மறைந்திருக்கிறது. வடமாவட்டங்களில் பாரதக் கூத்துப் பார்க்க விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்களில் பதினெட்டாம் போரின் முடிவு தெரியாதவர் எவருமில்லை. துரியோதனன் சாவான் என்று குழந்தைக்கும் தெரியும். அவர்கள் வருவது இந்த ஆண்டு கட்டியங்காரன் என்ன பேசுகிறான், துரியோதன வேடக்காரர் எந்த ராகத்தில் அரங்கேறுகிறார், எந்த இடத்தை நீட்டுகிறார் என்று பார்க்க. தென்மாவட்டங்களில் வில்லுப்பாட்டுக் கேட்பவர்களுக்கும் முத்துப்பட்டன் கதை தெரியும். தெரிந்த கதையைச் சொல்லும் விதத்துக்காகவே மறுபடி கேட்கிறார்கள். போன ஆண்டுக்காரரைவிட இவர் எங்கே குறைந்தார், எங்கே மிஞ்சினார் என்று விடிந்ததும் தேநீர்க் கடையில் நுட்பமாகப் பேசுகிறார்கள். எழுத்தறியாதவர்களும் செய்யும் இந்த விமர்சனத்தை, எழுதப்படிக்கத் தெரிந்த நாவல் வாசகரால் தாங்க முடியாது என்று கருதுவதற்கு ஆதாரம் ஏதுமில்லை.

ரசனை ஆளுக்கு ஆள் மாறுவது, அதற்குக் காரணம் கேட்கக்கூடாது என்ற மற்றொரு வாதமும் நிற்காது. ஒரு வரி பிடித்திருப்பது தனிப்பட்ட அனுபவம். அந்த வரி எப்படி அமைந்திருக்கிறது என்பது பக்கத்தில் இருக்கிறது, எவரும் புரட்டிப் பார்க்கலாம். வாசகர் தம் நெகிழ்ச்சியைச் சொல்லும்போது கேட்பவர் தலையாட்டலாம், அல்லது விலகலாம். நெகிழ வைத்த பக்கத்தைத் திறந்து காட்டும்போது மட்டுமே கேட்பவர் மறுக்கவும், திருத்தவும், தாம் காணாததைக் காணவும் வழி உண்டாகிறது. காரணம் சொல்லாத ரசனையில் உரையாடலுக்கு இடமில்லை. அது எவ்வளவு பணிவான சொற்களில் வந்தாலும் ஓர் ஆணையாகவே வந்து சேர்கிறது.

விளைவுகள் வாசகரோடு நிற்கவில்லை. கதையைச் சொல்லி அறிமுகம் செய்யும் பழக்கம் ஓங்கிய சூழலில், எளிதில் திருப்பிச் சொல்லக்கூடிய நாவலுக்கு மதிப்புக் கூடுகிறது. இன்ன தொழில், இன்ன சமூகம், இன்ன காலத்துக் கொடுமை என்று ஒரு வரியில் அடையாளம் காட்ட முடிந்தால் நூல் வேகமாகப் பேசப்படுகிறது. பின்னட்டைக் குறிப்புகளும் பரிசு அறிவிப்புகளும் அந்த ஒரு வரியையே திருப்பிச் சொல்கின்றன. இதுவரை எழுதப்படாத வாழ்க்கை என்பது இன்று ஒரு நாவலுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பாராட்டு. எழுதப்படாத வாழ்க்கை எழுதப்படுவது மெய்யாகவே பெரிய காரியம்தான். ஆயினும் அது எப்படி எழுதப்பட்டது என்று கேட்காதவர், அந்த வாழ்க்கையை எழுதியவருக்கு எழுத்தாளருக்குரிய மதிப்பைத் தருவதில்லை, தகவல் தருபவருக்குரிய மதிப்பையே தருகிறார். பாமாவின் ‘கருக்கு’ (1992) வெளிவந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், அதன் துயரத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர், அதன் பேச்சுநடையின் வேகத்தையும் கிண்டலையும் பற்றி எழுதியவர்கள் சிலர். தலித் எழுத்தும் பெண்ணெழுத்தும் இவ்வகை வாசிப்பால் அடைந்த இழப்பு மற்றவற்றைவிடக் கூடுதல். அங்கே உருகுவதே நீதி செய்ததாக எண்ணப்பட்டுவிடுகிறது.

திருப்பிச் சொல்ல முடியாத எழுத்துக்கு இந்தச் சூழலில் இடமே இல்லை. மௌனி எழுதிய 24 கதைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சுருக்கம் எழுத முயன்றால் கையில் எதுவும் தங்காது. ஒருவன் நடக்கிறான், ஒரு வீட்டைப் பார்க்கிறான், ஒரு நினைவு வருகிறது, அவ்வளவே. லா.ச. ராமாமிருதத்தின் கதைகளில் நடப்பதெல்லாம் வாக்கியங்களுக்குள் நடக்கிறது. நகுலனின் ‘நினைவுப்பாதை’யில் தொடர்ச்சியான கதை என்று எடுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கதைசொல்லல் மேடைகளில் இவர்கள் ஏறக்குறைய வருவதே இல்லை. பிடித்த நூல்களின் பட்டியலில் வருகிறார்கள், மரியாதையோடு. மற்ற நூல்களின் கீழே இரண்டு பத்திகள் இருக்கும். இவர்களுடைய நூல்களுக்குக் கீழே தலைப்பும் பதிப்பகத்தின் பெயரும் விலையும் மட்டும் இருக்கும்.